கண்ணப்பருக்கு மாலை போடுறோம், கண்ணைக் கேட்டா ஓடுறோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு, ஒரு கோப்பி கலக்கி வச்சிக்கிட்டுப் படிங்க. பாதியில கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க, வாங்கிக்கிறேன். 17 வருஷமா அன்னதானச் சமையல்கட்டுல திட்டு வாங்கிப் பழகின உடம்புதான் இது.

போன மாதக் கோயில் கூட்டத்தில் நான் ஒரு விஷயம் கேட்டேன். ஆடித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ரத்த தான முகாம் போடுறோம் இல்லையா, அதுக்குப் பக்கத்துல ஒரு மேசை, ரெண்டு நாற்காலி. உடலுறுப்பு தானத்துக்குப் பதிவு செய்ய விரும்புறவங்க செய்யட்டும், சந்தேகம் இருக்கிறவங்க கேட்கட்டும். கோயிலுக்கு ஒரு காசு செலவில்லை. கூட்டத்தில் சத்தமே இல்லை. பிறகு பெரியவர் ஒருத்தர், நான் ரொம்ப மதிக்கிறவர், மெதுவா சொன்னார்: "தம்பி, இது கோயில். இங்க வந்து சாவுப் பேச்சு எடுக்காதப்பா. ஆடி மாசம் வேற." உடனே அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. பந்தல் வாடகை. அதைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினோம்.

கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள வாட்ஸ்அப் குரூப்புல ஒரு குரல் பதிவு. யாரோ எங்கிருந்தோ அனுப்பினது. "இந்தப் பிறவியில் கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்பாய்"னு ஒரு அம்மா பேசுறாங்க. அதுக்குக் கீழே கும்பிடு போட்டவங்க 40 பேருக்கு மேல. அதுல பாதிப் பேர் நான் சாதம் பரிமாறுறவங்க.

அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்தப் பெரியவர் சொன்னதுக்கு வர்றேன். கோயில்ல சாவுப் பேச்சு கூடாதாம். ஐயா, நாம கும்பிடுற சாமி சுடுகாட்டுல ஆடுறவர். உடம்பெல்லாம் சாம்பல். அந்தச் சாம்பலைத்தான் தினமும் நெற்றியில பூசிக்கிட்டு வேலைக்குப் போறோம். மார்க்கண்டேயனுக்காக எமனையே காலால உதைச்ச கதையைப் பிள்ளைங்களுக்கு சமய வகுப்புல சொல்லிக் கொடுக்கிறோம். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் காலையில 5 மணிக்கே வரிசை நிக்குது. டோக்கன் கொடுக்கிறதே நான்தான். சாவைப் பத்தி இவ்வளவு பேசுற இடம் நம்ம தாமான்ல கோயிலை விட்டா வேற எது? நமக்குச் சாவுப் பேச்சு பிரச்சினை இல்லை. நம்ம சாவைப் பத்தின பேச்சுதான் பிரச்சினை.

சரி, இப்ப என் கதை. இதை நான் கோயில்ல யார்கிட்டயும் சொன்னதில்லை.

என் தம்பி 11 வருஷத்துக்கு முன்னாடி தவறிப்போனான். அது உங்களில் பல பேருக்குத் தெரியும், வந்து நின்னீங்க, பெட்டி தூக்கினீங்க. ராத்திரி வேலை முடிஞ்சு மோட்டார்ல வரும்போது லாரி தட்டிடுச்சு. 24 வயசு. ஹெல்மெட் போட்டிருந்தான். ஆஸ்பத்திரியில மூணாவது நாள் டாக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, மூளைச்சாவுன்னு சொன்னார். என்னென்ன சோதிச்சாங்கன்னும் சொன்னார். கண்ணுல டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க, கருவிழியைத் தொட்டுப் பார்த்தாங்க, காதுல ஐஸ் தண்ணி விட்டுப் பார்த்தாங்க, சுவாசக் கருவியை நிறுத்தி அவனா ஒரு மூச்சு இழுக்கிறானான்னு பார்த்தாங்க. ஒண்ணுமில்லை. ரெண்டு நிபுணர்கள், ரெண்டு தடவை. அந்த ரெண்டு பேருக்கும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்யுற குழுவுக்கும் சம்பந்தமில்லை, சம்பந்தம் இருக்கவும் கூடாதுன்னு விளக்கினார்.

எனக்கு எதுவும் ஏறலை. ஏன்னா நான் அப்பதான் அவன் கையைப் பிடிச்சிட்டு வந்தேன். சூடா இருந்துச்சு. நெஞ்சு ஏறி இறங்குது. பக்கத்துத் திரையில பச்சைக் கோடு ஓடுது. இவனைப் போய் செத்துட்டான்னு சொல்றாங்களேன்னு நினைச்சேன். இன்னைக்கு எனக்குத் தெரியும், அந்த மூச்சு கருவியோட மூச்சு. மூளை முழுசா செத்தபிறகு யாரும் திரும்பி வந்ததில்லை. கோமா வேற, இது வேற. ஆனா அன்னைக்கு எனக்குத் தெரியாது, யாரும் அதுக்கு முன்னாடி சொன்னதும் இல்லை.

கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு மலாய் மிஸ்ஸி வந்தாங்க. உறுப்பு தானத்துக்குக் குடும்பங்ககிட்ட பேசுற பொறுப்பு அவங்களுக்கு. ரொம்ப மெதுவா, அழுதுடுவாங்களோங்கிற மாதிரி முகத்தை வச்சிக்கிட்டுக் கேட்டாங்க. உங்க தம்பி எப்பவாவது இதைப் பத்தி பேசியிருக்காரா? பேசினதில்லை. எங்க வீட்ல யாரு பேசுவா? அம்மா என்னைப் பார்த்தாங்க. பெரியப்பா சொன்னார், "உடம்பு முழுசா இல்லன்னா காரியம் பண்ண முடியாது, ஆத்மா அலையும்." நான் அந்த மிஸ்ஸிகிட்ட, எங்க மதத்துல இதுக்கு இடமில்லைன்னு சொன்னேன். அவங்க ஒரு கேள்வி கேட்கலை. மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு, அம்மா தோளைத் தொட்டுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் சாயங்காலம் தம்பியோட இதயமும் நின்னுடுச்சு. முழுசாக் கொண்டுவந்து முழுசா எரிச்சோம்.

எங்க மதத்துல இடமில்லைன்னு சொன்னேனே, அதை எங்க படிச்சேன்? எங்கயும் படிக்கலை. யார் சொன்னா? பெரியப்பா. அவருக்கு யார் சொன்னா? யாரும் சொல்லலை. நம்ம கோயில்ல ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள் மைக்கைப் பிடிச்சு "இதுல தப்பில்லை"ன்னு சொல்லியிருந்தா, அந்த அறையில எனக்கு அது ஞாபகம் வந்திருக்கும்.

தம்பி போன அடுத்த வருஷம்தான் கோயில்ல அந்த அக்காவை நல்லாத் தெரிஞ்சிக்கிட்டேன். சமையல்கட்டுல காய் நறுக்க வருவாங்களே, அவங்கதான். இனிப்பு நீர்ல சிறுநீரகம் போய், வாரம் மூணு நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. அதனால வெள்ளிக்கிழமை பூஜைக்கு வர முடியாது, செவ்வாய்க்கிழமை மட்டும் வருவாங்க. தண்ணி அளந்துதான் குடிக்கணும். வாழைப்பழம் ஆகாது, பேரீச்சம்பழம் ஆகாது. அபிஷேகம் முடிஞ்சு பஞ்சாமிர்தம் கொடுத்தா வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, பக்கத்துல நிக்கிற பிள்ளைகிட்ட கொடுத்துடுவாங்க. ரொம்ப நாள் நான் அதை பக்தின்னு நினைச்சேன்.

அவங்களை மாதிரி டயாலிசிஸ் செய்யுறவங்க இந்த நாட்டுல 50 ஆயிரம் பேருக்கு மேல. உறுப்புக்காகப் பேர் கொடுத்துக் காத்திருக்கிறவங்க 10 ஆயிரத்தைத் தாண்டும். இறந்தபிறகு தானம் தர்றவங்க? 10 லட்சம் மக்களுக்கு ஏறக்குறைய ஒருத்தர். ஸ்பெயின்ல அதே 10 லட்சத்துக்கு 40 பேருக்கு மேல. இன்னொரு கணக்கும் சொல்றேன், இது நமக்கு வலிக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வுல, இந்த நாட்டு இந்தியர்ல வயது வந்தவங்க 10 பேருக்கு 3 பேர் நீரிழிவுக்காரங்க. எல்லா இனத்தையும் விட நாமதான் முன்னால. சிறுநீரகம் கெட்டுப்போறதுக்கு இங்க முதல் காரணமும் அதுதான். அப்ப அந்த வரிசையில நிக்கிறது யாரு? நம்ம வீட்டு ஆளுங்க. வாங்குற வரிசையில முன்னால நிக்கிறோம், கொடுக்கிற வரிசைன்னா கோயில் வாசலைச் சாத்துறோம்.

டயாலிசிஸ் நிலையத்துக்கு நன்கொடை கொடுக்கிறோமேன்னு சொல்லாதீங்க. கொடுக்கிறோம், நல்ல காரியம். பெரிய அட்டைக் காசோலையைப் பிடிச்சிக்கிட்டு நிர்வாகமே வரிசையா நின்னு படம் எடுக்கிறோம், நானும் அந்தப் படத்துல மூலையில இருக்கேன். அந்தக் காசு அவங்களை அந்த நாற்காலியிலேயே உட்கார வைக்கும். எழுப்பி விடாது.

இப்ப அந்தக் குரல் பதிவு. கண்ணைக் கொடுத்தா குருடாப் பிறப்போமாம். அறுபத்து மூவர் வரிசையில கண்ணப்ப நாயனார் நிக்கிறாரே, தை மிருகசீரிடத்துக்குக் குருபூஜை செய்து மாலை போடுறோமே, அவர் யாரு? படிக்காத வேடன். காளத்தியில சாமி கண்ணுல ரத்தம் வழியிறதைப் பார்த்தார். பச்சிலை வச்சுப் பார்த்தார், நிக்கலை. சதைக்குச் சதைதான் மருந்துன்னு யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அம்பால தன் கண்ணைத் தோண்டி அப்பினார், ரத்தம் நின்னது. அடுத்த கண்ணுல வழிஞ்சதும் அதுக்கும் தயாரா நின்னார், இடம் தெரியணுமேன்னு காலை வச்சு அடையாளம் பண்ணிக்கிட்டார். சாமியே கையைப் பிடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு. சேக்கிழார் இதை எழுதினது நம்மை அழ வைக்க மட்டுமா? கண்ணைக் கொடுத்தவனுக்கு மோட்சம்னு சைவம் சொல்லுது, குருட்டுப் பிறவின்னு வாட்ஸ்அப் சொல்லுது. நாம கும்பிடு போட்டது வாட்ஸ்அப்புக்கு.

கண்ணப்பர் உயிரோட கொடுத்தார். உங்ககிட்ட அதை யாரும் கேட்கலை. செத்தபிறகு, வலி இல்லாதப்போ, எரியப்போற கண்ணைத்தான் கேட்கிறாங்க. புறாவுக்காகத் தொடைச் சதையை அறுத்து வச்ச சிபியும், உடம்பை விட்டுட்டு எலும்பைத் தேவர்களுக்குக் கொடுத்த ததீசியும் நம்ம ஆளுங்கதான். (பிள்ளையாருக்கு யானைத் தலை வச்சதுதான் உலகத்தின் முதல் உறுப்பு மாற்று சிகிச்சைன்னு ஒரு படம் சுத்துது. தயவுசெய்து அதை எனக்கு அனுப்பாதீங்க. அந்த யானையைக் கேட்டா வெட்டினாங்க? தானம்னா மனசறிஞ்சு கொடுக்கணும்.)

உடம்பு முழுசா இல்லன்னா காரியம் ஆகாதுங்கிறதை நம்ம குருக்கள்கிட்டயே கேட்டேன். அவர் சிரிச்சார். கடல்ல போனவன், உடம்பே கிடைக்காதவன், அவனுக்கெல்லாம் தர்ப்பையில உருவம் செய்து தகனம் பண்றது உண்டே தம்பி, முழு உடம்பே இல்லாம கரையேத்துற சாஸ்திரம் ரெண்டு சிறுநீரகம் இல்லன்னு நிறுத்திடுமான்னு கேட்டார். எனக்கு அதைவிடப் பெரிய பதில் நம்ம தாமான்லயே இருக்கு. இனிப்பு நீரால காலை எடுத்தவங்க எத்தனை பேர் நம்ம கோயிலுக்குச் சக்கர நாற்காலியில வர்றாங்க. அவங்க போனபிறகு காரியம் செய்யாம இருந்தோமா? கால் இல்லாததால அந்தத் தாத்தா ஆத்மா அலையுதுன்னு அவர் பேரன்கிட்ட போய்ச் சொல்லுவீங்களா? விபத்துல போனவங்களைப் பிரேதப் பரிசோதனை பண்ணித் தைச்சுத்தானே தர்றாங்க. தானம் கொடுத்தவங்க உடம்பையும் அப்படித்தான் தைச்சு, சுத்தம் பண்ணி, முகம் பார்க்கிற மாதிரி தர்றாங்க. சட்டை போட்டா ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரம் தாமதமாகும், உண்மைதான். ஜொகூர்ல இருந்து சித்தப்பா வர்றதுக்கும், இந்தியாவுல இருந்து மாமா விமானம் ஏறுறதுக்கும் காத்திருக்கிற நாம, இதுக்குக் காத்திருக்க மாட்டோமா?

பத்துமலையில 272 படி ஏறுறோம். நாக்குல வேல் குத்துறோம், முதுகுல கொக்கி மாட்டுறோம், பச்சைப்பிள்ளைக்கு மொட்டை போடுறோம். உடம்பு என்னுது இல்ல, முருகா உன்னுதுன்னு சொல்லித்தான் செய்யுறோம். சொன்னது நிஜமா இருந்தா, முருகன் தந்ததை முருகன் படைச்ச இன்னொரு உயிருக்குக் கொடுக்க ஏன் இவ்வளவு யோசனை?

இன்னொண்ணு இருக்கு. மைக்ல யாரும் சொல்ல மாட்டாங்க, சமையல்கட்டுல சொல்லுவாங்க. "நாம கொடுத்தா நம்மாளுக்கா போகப் போகுது?" இதை வெளிப்படையாவே பேசிடுவோம். ரத்த வகை, திசுப் பொருத்தம், எவ்வளவு காலமா காத்திருக்காங்க, எவ்வளவு அவசரம், இதெல்லாம் பார்த்துத்தான் உறுப்பு போகும். இனம் பார்த்து இல்லை. அதனால தம்பியோட சிறுநீரகம் ஒரு மலாய்க்கார அண்ணனுக்குப் போயிருக்கலாம், ஒரு சீன ஆச்சிக்குப் போயிருக்கலாம், காய் நறுக்குற அக்காவுக்கும் வந்திருக்கலாம். ஆடி மாசம் நாம கொடுக்கிற ரத்தப் பை யாருக்குப் போச்சுன்னு என்னைக்காவது கேட்டோமா? பந்தியில உட்கார்ந்தவன் எந்த இனம்னு பார்த்தா சோறு போடுறோம்? அன்னதானத்துக்கு இல்லாத கணக்கு இதுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இஸ்லாமியர்களைப் பாருங்க. இதயமும் கண்ணும் மாற்றலாம்னு இந்த நாட்டுத் தேசிய ஃபத்வா மன்றம் 1970 ஜூன்லயே சொல்லிடுச்சு. நம்ம நாட்டுல முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்ததே 1975லதான். அதுக்கும் அஞ்சு வருஷம் முன்னாடியே அவங்க மார்க்க அறிஞர்கள் உட்கார்ந்து, விவாதிச்சு, வாயைத் திறந்து பதில் சொல்லிட்டாங்க. நமக்கு அப்படி ஒரு மன்றமே தேவைப்படலை, ஏன்னா தடையே இல்லை. தடை இல்லைங்கிறதே நமக்கு வினையாப் போச்சு. தடை இல்லாததால யாரும் அனுமதின்னு அறிவிக்கலை, அறிவிக்காததால கூடாதுன்னு நினைச்சிக்கிட்டோம். இந்துக்களுக்கு ஒரே தலைமை கிடையாது. நமக்குத் தலைமை பக்கத்துக் கோயில்தான், அந்தக் கோயில் குருக்கள்தான், தலைவர்தான். அவங்க பேசாம இருந்தா அது நடுநிலைன்னு நினைக்கிறாங்க. ஆஸ்பத்திரி அறையில அந்த மௌனம் "வேண்டாம்"னு ஆயிடுது. நான் சாட்சி.

ஜொகூர் பாலத்தைத் தாண்டுங்க. சிங்கப்பூர்ல 1987லயே சட்டம். மறுப்பு எழுதித் தராத ஆள் சம்மதிச்சதாத்தான் கணக்கு. முதல்ல விபத்துல போனவங்களோட சிறுநீரகம் மட்டும். 2004ல ஈரல், இதயம், கருவிழி எல்லாம் சேர்த்தாங்க, எப்படி இறந்தாலும் பொருந்தும்னு மாத்தினாங்க. அங்கேயும் நம்ம தமிழாளுங்கதான், அதே மாரியம்மன், அதே முருகன், அதே பதினாறாம் நாள் காரியம். அங்க இருக்கிற ஆத்மா எல்லாம் அலையுதுன்னு நான் கேள்விப்பட்டதில்லை. நம்ம சட்டம் 1974ல வந்த மனிதத் திசுச் சட்டம். இங்க நீங்களா சம்மதம் சொல்லணும். அப்படிச் சொல்லியிருந்தாலும், கடைசியில உங்க குடும்பத்தைக் கேட்டுத்தான் செய்யுறாங்க. நீங்க மைசெஜாத்ராவுல பதிஞ்சு வச்சிருந்தாலும், அந்த நேரத்துல உங்க அம்மாவோ அண்ணனோ மாட்டேன்னா, அவ்வளவுதான். முடிஞ்சது.

அதனால பதிவு பாதி வேலைதான். மீதி, வீட்ல சாப்பாட்டு மேசையில சொல்றது. நான் என் மனைவிகிட்ட சொல்லவே மூணு வாரம் ஆச்சு. "வாயில நல்ல வார்த்தை வராதா?"ன்னு எழுந்து போயிட்டா. மறுநாள் அவளே வந்து, "வலிக்குமா?"ன்னு கேட்டா. செத்தவங்களுக்கு வலிக்காதும்மான்னேன். "உங்களுக்கு இல்ல, எனக்கு"ன்னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பிறகு, "சரி, நீங்க கேட்டுக்கிட்டதுன்னு நினைச்சுக்குவேன்"னா. எனக்குத் தம்பி அப்படி ஒரு வார்த்தை விட்டுட்டுப் போகலை.

யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லலை. விருப்பமில்லாதவங்களைக் கேலி பண்றதும் தப்பு. பதிவு செய்துட்டு மனசு மாறினா எடுத்துடலாம், யாரும் வந்து சண்டை போட மாட்டாங்க. வீட்ல வயசாகி இயற்கையாப் போறவங்களும் சில மணி நேரத்துக்குள்ள தகவல் சொன்னா கருவிழி கொடுக்கலாம், அதுக்கு மூளைச்சாவு வேண்டியதில்லை. எனக்கு இனிப்பு நீர், ரத்த அழுத்தம், என்னோடது யாருக்கு உதவப் போகுதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க. அந்த நேரத்துல டாக்டர் பார்த்துச் சொல்லுவார்.

நிர்வாகத்துக்கு என் கோரிக்கை மறுபடியும் அதேதான். மேசை, ரெண்டு நாற்காலி. முடிஞ்சா வெள்ளிக்கிழமை தீபாராதனைக்குப் பிறகு குருக்கள் ஒரு நிமிஷம் பேசணும். என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னாரே, அதையே மைக்ல சொன்னா போதும். அடுத்த கூட்டத்தில் இதைத் திரும்ப வைப்பேன், அதுக்கு அடுத்த கூட்டத்திலும் வைப்பேன்.

அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு மேல வெளிவாசல்ல, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல, மரத்தடியில நான் இருப்பேன். அது கோயில் வளாகத்துக்கு வெளியே, யாரும் குறை சொல்ல முடியாது. நாற்காலி நானே கொண்டு வர்றேன். கைப்பேசியில எப்படிப் பதியிறதுன்னு காட்டுறேன், அஞ்சு நிமிஷம் ஆகாது. வரும்போது வீட்ல ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க.